நீர்மட்டத்துக்கு மேலே

ஏழாம் நம்பர் தண்ணீருக்கு வெளியே இருந்தது.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வாயில் கடித்திருந்த நூல் முனை அப்படியே இருந்தது. தொட்டியின் கண்ணாடிச் சுவரில், நீர்மட்டத்துக்கு நாலு விரல் மேலே, ஈரம் காயாத ஒரு கோட்டின் முடிவில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டின் மேல் சிவப்பு நகப்பூச்சில் அவளே எழுதிய 7 தெளிவாகத் தெரிந்தது. பதினோரு மாதமாக மூலைக் கல்லை விட்டு ஒரு சாண் நகராத நத்தை அது. "அதுக்கு பென்ஷன் குடுத்து அனுப்பிடுங்க தங்கச்சி" என்று பம்ப் ஓட்டும் அண்ணன் வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. வெளியே மழை வரப்போகிற இருட்டு.

குடிநீர் நிலையத்தில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். ஆற்றிலிருந்து வரும் பெரிய குழாயில் ஒரு சின்னக் கிளை பிரித்து, அந்தத் தண்ணீரை இந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் அதே ஆற்றில் பிடித்த பன்னிரண்டு நத்தைகள். ஒவ்வொன்றும் பெரிய நெல்லிக்காய் அளவு, பாசி நிறத்து ஓட்டில் மூன்று கறுப்புப் பட்டைகள். வாசலை அடைக்க ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு மூடி உண்டு. மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்கள் போல அதிலும் வளையங்கள் இருக்கும். தண்ணீர் நன்றாக இருந்தால் மூடி திறந்திருக்கும், நத்தை கண்ணாடியில் படிந்த பாசியை மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீரில் ஆகாதது ஏதாவது வந்தால் மூடியை இழுத்து அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம் என்றால் தண்ணீரை விட்டே மேலே ஏறும். ஆய்வுக்கூடத்தில் அரை நாள் எடுக்கிற விஷயத்தை நத்தை அரை மணியில் சொல்லிவிடும். மணிக்கு ஒரு முறை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மூடி திறந்தவை, மூடியவை, நீர்மட்டத்துக்கு மேலே இருப்பவை. ஆறுக்கு மேல் மூடினாலோ மேலே ஏறினாலோ முதலில் பெரிய குழாயின் வால்வை மூட வேண்டும், அப்புறம்தான் தண்ணீர் சோதிக்கிற கெமிஸ்டுக்குப் போன். அந்த விதியைச் சிவப்பு எழுத்தில் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள்.

ரெண்டு மணிக்கு ஷிப்டுக்கு வந்ததும் அவள் எண்ணினாள். பன்னிரண்டும் திறந்திருந்தன. எழுதினாள். எழுதின கையோடு மூன்று மணிக் கட்டத்திலும் நாலு மணிக் கட்டத்திலும் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விட்டாள்.

எல்லாம் சிட்டுவுக்காக. நாளைக்குப் பள்ளியில் மாறுவேடம். எல்லாப் பெண்களும் ராணி, டாக்டர், பட்டாம்பூச்சி என்று நிற்க, இவள் பெற்ற ஆறு வயதுச் சீமாட்டிக்கு மட்டும் நத்தையாக நிற்க வேண்டுமாம். பழைய தலையணையைச் சுருட்டி, கம்பி வைத்து வளைத்து, மேலே பழுப்புத் துணி போர்த்தி, மூன்று கறுப்புப் பட்டை தைத்து, தோளில் மாட்ட நாடாவும் வைத்து முடிக்க ரெண்டரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஓடு அத்தனை அசலாக இருந்ததில் அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் தொட்டியறைக்கு வந்தாள்.

இப்போது கிட்டே போனாள்.

ஏழு மட்டுமில்லை. மூன்றும் ஒன்பதும் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தன. நாலும் பதினொன்றும் ஏறிக்கொண்டிருந்தன. கண்ணாடி முழுக்க ஏதோ அழுக்குத் தெறித்த மாதிரி இருந்தது. கண்ணைக் கிட்டே கொண்டுபோனாள். அழுக்கில்லை. குட்டிகள். மிளகு அளவு, நூற்றுக்கு மேல் இருக்கும்.

இந்த நத்தை முட்டை இடுவதில்லை. குட்டியை வயிற்றுக்குள்ளேயே மாதக்கணக்கில் சுமந்து, ஓடு, மூடி எல்லாம் சரியாக அமைந்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே விடும். வாரத்துக்கு ரெண்டு மூன்று வந்தால் அதிகம். டீஸ்பூனால் அள்ளி ஆற்றில் விட்டுவருவது அவள் வழக்கம். இன்றைக்குப் பெண் நத்தைகள் எல்லாம் சேர்ந்து வயிற்றில் இருந்ததை மொத்தமாக உதறியிருந்தன. மாதம் நிறையாத குட்டிகளும் இருந்தன. மீன்கண் மாதிரி வெளுத்து, உள்ளே இருப்பது தெரிகிற ஓடு. மூடிகூட அமையவில்லை.

அதுகளும் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

குழாயடியில் ஒரு குவளை தண்ணீர் பிடித்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். தெளிவு. சோதனைக் காகிதம் நனைத்துப் பார்த்தாள். சரியான நிறம். பிராணவாயு மானியை உள்ளே விட்டாள். முள் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றது. கடைசியாகக் குவளையை மூக்கருகே கொண்டுபோனாள்.

வாசனையே இல்லை.

ஆற்றுத் தண்ணீருக்கு எப்போதும் ஒரு வாசனை உண்டு. சேறு, பாசி, அழுகின இலை, எப்போதோ செத்த மீன். வெள்ளத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று மாறுமே தவிர இல்லாமல் போகாது. இது துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் மூக்கு அந்த இடத்தில் எதையோ தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது.

சுவரில் சிவப்பு எழுத்து. முதலில் வால்வு.

போன மாதம் அவள் அப்படித்தான் செய்தாள். தரை துடைக்கிறவள் கிருமிநாசினிக் கையைத் தொட்டியில் அலசிவிட்டுப் போனது தெரியாமல், பன்னிரண்டு மூடியும் அடைபட்டதைப் பார்த்து ஓடிப்போய் வால்வை மூடிவிட்டாள். ஊர் முழுக்க நாலு மணி நேரம் தண்ணீர் இல்லை. விளக்கம் கேட்டு ஓலை வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலையும் இல்லை, வேலைக்குக் கொடுத்த வீடும் இல்லை என்று அதில் பச்சையாகவே எழுதியிருந்தார்கள்.

அவள் போனை எடுத்தாள்.

"சார், நத்தைங்க மேல ஏறுதுங்க."

"எத்தனை?" கெமிஸ்ட் வீட்டில் இருந்தார். பின்னால் டிவி ஓடியது.

"அஞ்சு. இப்ப ஆறு. குட்டி வேற எல்லாம் ஒரேயடியா போட்டிருக்கு சார்."

"குட்டி போட்டா சந்தோஷப்படும்மா. தொட்டில் கட்டணுமா?" அவர் சிரித்தார். "டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"எல்லாம் சரியா இருக்கு சார். ஆனா தண்ணில வாசனையே இல்ல."

"நாறுதுன்னு போன் பண்ணுவாங்க. நாறலன்னு போன் பண்ற மொத ஆளு நீங்கதான். சரி, மணிக்கு மணி என்ன எழுதியிருக்கீங்க? மூணு மணிக்கு எப்படி இருந்துச்சு? நாலு மணிக்கு?"

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். உருண்டையான அவள் கையெழுத்தில் மூன்று பன்னிரண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருந்தன.

"பன்னெண்டும் திறந்துதான் சார் இருந்துச்சு."

"அப்புறம் என்னம்மா? நாலு மணி வரைக்கும் நல்லா இருந்த ஆறு அரை மணில என்ன ஆகிடும்? யாராவது தொட்டில கைய வெச்சிருப்பாங்க. அஞ்சு மணிக்கு எண்ணிட்டுச் சொல்லுங்க. வால்வுகிட்ட மட்டும் போயிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

ரெண்டரை மணி நேரம் சார். அரை மணி இல்லை. சொல்ல வாயைத் திறந்தாள். போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அறையில் தண்ணீர் விழுகிற சத்தமும் அதற்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தன. நத்தையின் நாக்கு அரம் மாதிரி. வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் பொடிப் பற்கள். பாசியைச் சுரண்டும்போது கண்ணாடியில் காது வைத்தால் சர்க், சர்க் என்று கேட்கும். சுரண்டின இடத்தில் பாசி போய்ச் சுத்தமாக ஒரு வளைந்த கோடு விழும். சிட்டு இங்கே வரும்போதெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூக்கை அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் நத்தையின் வாய் திறந்து நாக்கு வந்து சுரண்டி மூடுவதைப் பார்த்துத் தானும் வாயைத் திறந்து மூடுவாள். "அது எனக்கு முத்தா குடுக்குதும்மா."

இன்றைக்கு ஒரு நத்தையும் சுரண்டவில்லை. எல்லாம் ஏறுவதிலேயே குறியாக இருந்தன. ஆனாலும் அந்தச் சத்தம் எங்கிருந்தோ வந்தது. லேசாக. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நின்றுபோனது.

கதவு திறந்தது. அவள் துள்ளிவிட்டாள்.

"ஏன், பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க?" பம்ப் அண்ணன்தான். கையில் எவர்சில்வர் தம்ளர். மூலைக் குழாயைத் திறந்து பிடித்து, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். மறுபடி பிடித்தார். மறுபடி குடித்தார். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. "இன்னிக்குத் தண்ணி என்னமா இருக்கு தெரியுமா? மதியத்துலேருந்து டீயே கேக்கல வாய். வெல்லம் கரைச்ச மாதிரி."

"அண்ணே, அதக் குடிக்காதீங்க. நத்தை எல்லாம் ஏறுது பாருங்க."

"உங்க ஃபிளாஸ்க்ல இருக்கிற வெந்நீரையே குடிச்சுட்டு நீங்க நூறு வயசு இருங்க. தண்ணி தர்ற எடத்துலயே வேல பாத்துட்டு தண்ணிய நம்பாத ஒரே ஆளு நீங்கதான்." மூன்று வருடம் முன்னால் மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்ததிலிருந்து அவள் காய்ச்சின தண்ணீர்தான் குடிப்பாள், அதுவும் முதல்நாளே காய்ச்சி ஆறவைத்தது. அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. அவர் தம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை நாக்கில் வாங்கினார். விளிம்பை நக்கினார். "நாக்குதான் ஒரு மாதிரி சொரசொரன்னு இருக்கு. பூனை நாக்கு மாதிரி."

தம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மெதுவாகப் போனார். காலைத் தூக்கிவைக்காமல் இழுத்து இழுத்து நடந்தார். அவள் தம்ளரைப் பார்த்தாள். எவர்சில்வர் விளிம்பில் பொடிப் பொடியாகக் கீறல்கள். வரிசை வரிசையாக.

மணி ஐந்து. எண்ணினாள். மூடி திறந்தவை பன்னிரண்டு. நீர்மட்டத்துக்கு மேலே பன்னிரண்டு. எழுதினாள். ஏழாம் நம்பர் தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சிமெண்ட் மேடையில் இறங்கி, ஆற்றுக்கு எதிர்ப்பக்கச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் மற்றவை. அதற்கும் பின்னால், மிளகு கொட்டின மாதிரிக் குட்டிகள். மூடி இல்லாத குட்டிகள் பாதியிலேயே காய்ந்து நின்றுவிட்டன.

கெமிஸ்டை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். யாரோ எடுத்தார்கள்.

"சார்?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குழாய் திறந்து தண்ணீர் கொட்டியது. அதற்கு நடுவே போனுக்கு மிகக் கிட்டத்தில், சர்க், சர்க்.

அவள் போனை வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் அது மறுபடி அடித்தது.

"அம்மா! ஓடு முடிச்சிட்டியா?"

சிட்டு. அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். "முடிச்சாச்சுடா கண்ணு. அத்தை எங்க? அத்தைகிட்ட குடு."

"அத்தை தண்ணி குடிக்கிறா. அம்மா, குழாய்த் தண்ணி இனிக்குது. நான் அஞ்சு டம்ளர் குடிச்சேன். அத்தை வாய வெச்சே குடிக்கிறா, எனக்கு எடமே விடமாட்டேங்கிறா."

"சிட்டு, அம்மா சொல்றதக் கேளு. இனிமே ஒரு சொட்டு குடிக்கக் கூடாது. அத்தையக் கூப்பிடு. சீக்கிரம்."

நாத்தனார் வர ரொம்ப நேரம் ஆனது. "என்ன அண்ணி?" குரல் ஈரமாக, தடித்து, பல்லில் மருந்து போட்டுக்கொண்டு வந்தவள் மாதிரி இருந்தது.

"தண்ணில என்னமோ கலந்திருக்கு. குடிக்காதீங்க. பிள்ளைக்கும் குடுக்காத. பக்கத்து வீடுங்களுக்கும் சொல்லிடு."

"போங்க அண்ணி. நத்தைக்குத் தும்மல் வந்தாக்கூட ஊரக் கூட்டுவீங்க." ஒரு சிரிப்பு பாதியில் நின்றது. "குடிக்கக் குடிக்கத் தாகமா இருக்கு. அவ்வளவுதான். எல்லா வீட்லயும் குழாய் திறந்துதான் கெடக்கு."

"குழாய மூடுடி!"

தண்ணீர் சத்தம். கிட்டத்தில் யாரோ உறிஞ்சுகிற சத்தம்.

அவள் ஓடினாள்.

வால்வு அறை பம்ப் அறையைத் தாண்டி இருந்தது. தாழ்வாரத்தின் விளக்குகளில் ஒன்றுவிட்டு ஒன்றுதான் எரிந்தது. மழை தொடங்கிவிட்டிருந்தது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் அவள் காலடியே அவளுக்குக் கேட்கவில்லை. பம்ப் அறையின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும், மோட்டார் சூட்டுக்கு. இன்றைக்குச் சாத்தியிருந்தது. "அண்ணே! வால்வ மூடணும், கை குடுங்க!" கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தாழ் போட்ட கதவு கொஞ்சம் ஆடும். இது ஆடவில்லை. நாலு விளிம்பிலும் ஒட்டினாற்போல் பொருந்தியிருந்தது.

மூடி அடைத்துக்கொண்ட நத்தை மாதிரி என்று நினைத்தாள். நினைத்ததும் கையை எடுத்துவிட்டாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. கதவின் அடிப்பாகத்திலிருந்து. தரை மட்டத்திலிருந்து.

"தங்கச்சி... மூடாதீங்க."

"அண்ணே?"

"தண்ணிய... மூடாதீங்க..."

அவள் வால்வு அறைக்குள் பாய்ந்தாள். வண்டிச் சக்கரம் அளவு இரும்புச் சக்கரம். ரெண்டு ஆள் வேலை. முழுதாக மூட நூற்றுப்பத்துச் சுற்று. அவள் உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டுத் திருப்பினாள். ஒன்று. ரெண்டு. உள்ளங்கைத் தோல் பிரிந்தது. பத்து. இருபது. இரும்புக் குழாய்க்குள் ஆறு ஓடுகிற அதிர்வு பல்லில் தெரிந்தது. நாற்பது. ரெண்டு மணிக்கும் நாலரைக்கும் நடுவில் இதை மூடியிருந்தால். ஐம்பது. ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால். எழுபது. போனை எடுக்காமல் நேரே இங்கே வந்திருந்தால். தொண்ணூறு. அதிர்வு குறைந்தது. நூறு. நூற்றுப்பத்து.

நின்றது.

போன மாதம் ஒரு முறை மட்டும் இந்தக் கட்டடத்தில் அவள் கேட்ட அமைதி. மழையும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்தது. குழாய்கள் சொட்டின. சொட்டுவது நின்றது. அப்போதுதான் தெளிவாகக் கேட்டது.

சர்க். சர்க். சர்க்.

பம்ப் அறைக்குள்ளிருந்து. கதவின் உள்பக்கத்திலிருந்து. ஓர் ஆள் உயரத்தில். பிறகு அதற்கும் மேலே.

தொட்டியறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தாள்.

"அம்மா." இழுத்து, மெதுவாக. "தண்ணி... நின்னுடுச்சு."

"அம்மா வந்துட்டே இருக்கேன்டா தங்கம். அத்தை எங்க?"

"அத்தை... சுவத்துல."

"சுவத்துலன்னா? சிட்டு?"

"ஓடு எடுத்துட்டு வாம்மா." மூச்சு வாங்கியது. "முதுகு... குளிருது."

அவள் நத்தை ஓட்டை வாரி எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை கேட்டாள், எடுத்தாள்.

குடியிருப்பு நிலையத்துக்குப் பின்னால், ஆற்றங்கரை ஓரமாகவே போகிற பாதையில் முந்நூறு அடி. மூன்று மாடி, மாடிக்கு நாலு வீடு. பன்னிரண்டிலும் விளக்கு எரிவது இங்கிருந்தே தெரிந்தது. அவள் நாலு எட்டு வைத்தாள். காலடியில் நொறுங்கியது. இன்னொரு எட்டு. நொறுங்கியது. விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தில் பாதை கருங்கல் பாவினது போல மினுமினுத்தது. கல் அசைந்தது.

ஆறு காலியாகிக்கொண்டிருந்தது. கரையெங்கும், சரிவெங்கும், படித்துறை எங்கும், ஓட்டோடு ஓடு உரச, சத்தமே இல்லாமல் நத்தைகள் ஏறிவந்தன. ஆயிரக்கணக்கில். பெரியவை, வெளுத்துப்போன கிழங்கள், மிளகுக் குட்டிகள். எல்லாம் ஒரே பக்கம். ஆற்றை விட்டு மேட்டை நோக்கி. அவற்றை மிதிக்காமல் நடக்க வழியில்லை. மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் செருப்பு வழுக்கியது. "மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

குடியிருப்பு வாசலுக்கு இருபது அடி முன்னால் நொறுங்குவது நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். வெறும் தரை. நத்தைகளின் கூட்டம் இங்கே இரண்டாகப் பிரிந்திருந்தது. கட்டடத்தைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் விட்டு, இடப்பக்கம் ஒரு வரிசையும் வலப்பக்கம் ஒரு வரிசையுமாக ஒதுங்கிப் போயின. சுற்றிப் போய் அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொண்டன.

ஆற்றிலிருந்து எப்படி ஒதுங்கினவோ, அப்படியே.

வட்டத்துக்குள் அவள் மட்டும் நின்றாள்.

தரைத்தளத்தில் ரெண்டாவது வீடு அவளுடையது. கதவு சாத்தியிருந்தது. எல்லாக் கதவும் சாத்தியிருந்தன. அவள் தன் கதவில் கைவைத்தாள். ஆடவில்லை. நாலு விளிம்பும் பொருந்தியிருந்தன. விளிம்பில் ஈரம். விரலில் பிசுபிசுத்தது. வாசனை இல்லை.

"சிட்டு."

சர்க்.

"சிட்டு, கதவத் திறடா."

சர்க். சர்க். பக்கத்து வீட்டிலிருந்தும். மாடியிலிருந்தும். அதற்கு மேல் மாடியிலிருந்தும்.

அவள் பின்னால் நகர்ந்தாள். ஒவ்வோர் அடியாக. கட்டடம் முழுதாகக் கண்ணில் விழும்வரை. ஜன்னல்களைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். கண் கேட்கவில்லை. பதினோரு மாதப் பழக்கம். இடமிருந்து வலம். மேலிருந்து கீழ். எண்ணியது.

ஒன்று. கண்ணாடியில் ரெண்டு உள்ளங்கைகள், தட்டையாக. நடுவில் ஒரு வாய். திறந்தது. நாக்கு வந்து சுரண்டியது. மூடியது. சுரண்டின இடத்தில் தூசி போய்ச் சுத்தமாக ஒரு வளைந்த கோடு.

ரெண்டு. மூன்று. ஒரு கிழவர். ஒரு கைக்குழந்தை, ஜன்னலின் உச்சியில், பிடிக்க யாரும் இல்லாமல்.

ஒன்பது.

பத்தாவது ஜன்னல் அவளுடையது.

நாத்தனாரின் புடவைத் தலைப்பு மேல்சட்டத்திலிருந்து தொங்கியது. அதற்கு மேலே அவள் பார்க்கவில்லை. கீழே, கண்ணாடியில் மூக்கு அழுந்தி, கன்னம் அழுந்தி, சிட்டு. வாய் திறந்தது. மூடியது. தொட்டிக்கு முன்னால் விளையாட்டுக்குச் செய்வாளே, அதே மாதிரி. கண்கள் திறந்திருந்தன. எதையும் பார்க்கவில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, உருண்டு அவள் கையில் இருந்த பழுப்புத் துணி மேல் வந்து நின்றன.

வாய் நின்றது.

பன்னிரண்டு ஜன்னலிலும் வாய்கள் நின்றன.

சிட்டுவின் ஒரு கை கண்ணாடியை விட்டுப் பிரிந்தது. பிசினிலிருந்து பிரிகிற மாதிரி. பின்னால் வளைந்து தன் வெறும் முதுகைத் தொட்டுக் காட்டியது. பக்கத்து ஜன்னலில் இன்னொரு கை வளைந்தது. மாடியில் ஒன்று. அதற்கு மேல் ஒன்று. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கை, தன் தன் முதுகைத் தொட்டுக் காட்டிக்கொண்டு, காத்திருந்தது.

எங்கோ ஒரு கதவின் விளிம்பு, ஈரமாக, உரிந்து திறந்தது.

அவளிடம் ஒரே ஒரு ஓடுதான் இருந்தது.